நிரலை ஓட்டாமல், முழுசாகக் கம்பைல் செய்யாமல், சின்டாக்ஸ் பிழையை மட்டும் கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்குடியில் கோடிங் வகுப்பு எடுக்கிற யாரைக் கேட்டாலும் இந்தத் தலைவலியைச் சொல்வார்கள். சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் பயிற்சிகளை அனுப்ப ஆரம்பிப்பார்கள். பைத்தான், சி, ஜாவா எல்லாம் கலந்து வரும். பாதி ஃபைலாக வரும், மீதி வாட்ஸ்அப்பில் மெசேஜாகவே ஒட்டி வரும். தேவகோட்டைக்கோ பள்ளத்தூருக்கோ பஸ் ஏறப் போகிற பிள்ளை, "அண்ணே, என்னுது சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்று வாசலில் நிற்கும். அந்த நேரத்தில் முழு மதிப்பீடு யாருக்கும் தேவையில்லை. விட்டுப்போன அடைப்புக்குறி, மறந்த அரைப்புள்ளி, தப்பாக உள்தள்ளிய வரி மாதிரி இலக்கணப் பிழை ஏதாவது இருக்கிறதா, இருந்தால் எந்த வரியில், அவ்வளவுதான். அதை ஒரு சின்ன ஸ்கிரிப்டே சொல்லிவிடும். நிரலை ஓட்டவும் வேண்டாம், எக்ஸிகியூட்டபிள் ஃபைல் உண்டாக்கவும் வேண்டாம்.

அந்த ஸ்கிரிப்டை எழுதும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன். கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் ஒலிப்படியே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படியில் நிற்கப் போகிறீர்கள்?

கம்பைலர், அதாவது நிரலைக் கணினி ஓட்டக்கூடிய மெஷின் கோடாக மாற்றும் மென்பொருள், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்வதில்லை. முதலில் எழுத்துகளை டோக்கன்களாக வெட்டும். அப்புறம் அந்த டோக்கன்கள் மொழியின் இலக்கணப்படி அடுக்கியிருக்கின்றனவா என்று பார்த்து ஒரு மரம் கட்டும், இதுதான் பார்சிங். அடுத்தது பொருள் சோதனை: இந்த மாறி அறிவிக்கப்பட்டிருக்கிறதா, எண்ணை எதிர்பார்க்கிற இடத்தில் சரம் போய்விட்டதா என்பதெல்லாம். அதற்குப் பிறகுதான் மெஷின் கோட் உண்டாக்குவது, ஆப்டிமைஸ் செய்வது, லிங்க் செய்வது. நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வேலைகள்தான். சின்டாக்ஸ் மட்டும் வேண்டும் என்றால் பார்சிங்கோடு நிறுத்தலாம், டைப் பிழையும் வேண்டும் என்றால் ஒரு படி கூடப் போகலாம். இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் கீழே வரும் கருவிகள் எல்லாம் ஒரே படியில் நிற்பவை இல்லை. "சின்டாக்ஸ் செக்" என்ற ஒரே பெயரில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்துக்குப் போகும்.

எது பிடிபடாது என்பதையும் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆத்தங்குடி கல் பதிக்கிற கணக்கை எடுத்துக்கொள்வோம். 8 அங்குலச் சதுரக் கல் என்றால் ஒரு கல்லின் பரப்பு 64 சதுர அங்குலம், ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம், ஆக சதுர அடிக்கு 2.25 கல், 100 சதுர அடி முகப்புக்கு 225 கல். இதை ஒரு பிள்ளை மாற்றிப் போட்டு 64-ஐ 144-ஆல் வகுத்துவிட்டால் விடை 45 கல்கூட வராது. ஆனால் எந்த பார்சரும் வாயைத் திறக்காது, இலக்கணப்படி அந்த வரி சுத்தமானது. சின்டாக்ஸ் சோதனையில் "பிழை இல்லை" என்று வந்தால் அதற்கு "இது மொழியின் இலக்கணத்துக்கு உட்பட்டது" என்று மட்டுமே பொருள். திரையில் காட்டும் செய்தியையும் அப்படியே எழுதுங்கள். "சரி" என்று பச்சையில் போட்டால் பிள்ளை விடையே சரி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

ரெஜெக்ஸை வைத்து ஆரம்பிக்காதீர்கள்

ரெஜெக்ஸ் என்ற எழுத்து வடிவத் தேடலை வைத்து, திறந்த அடைப்புக்குறிகளையும் மூடியவற்றையும் எண்ணினால் போதுமே என்று தோன்றும். போதாது. அடைப்புக்குறி ஒரு சரத்துக்குள் இருக்கலாம், கமென்ட்டுக்குள் இருக்கலாம், சி மொழியில் ஒற்றை மேற்கோளுக்குள் தனி எழுத்தாக இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சாய்கோடு வகுத்தல் குறியா, ரெஜெக்ஸின் தொடக்கமா என்பது அதற்கு முன்னால் என்ன வந்தது என்பதைப் பொறுத்தது. பைத்தான் 3.12-க்குப் பிறகு எஃப்-சரத்துக்குள் இருக்கும் எக்ஸ்பிரஷனில் வெளியே உள்ள அதே மேற்கோள் குறியைத் திரும்பவும் போடலாம், முன்னால் அது பிழை. இந்த விதிகளையெல்லாம் நீங்கள் எழுதி முடிப்பதற்குள் ஒரு பார்சரையே எழுதியிருப்பீர்கள், அதுவும் ஓட்டையான பார்சர். மொழியை உருவாக்கியவர்கள் எழுதிய பார்சர் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

பைத்தான்

இங்கே கொஞ்சம் அதிகமாகவே நிற்கிறேன், நம் பக்கத்தில் பிள்ளைகள் அதிகம் எழுதுவது இதில்தான், கருவிகளும் கையிலேயே இருக்கின்றன.

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஏஎஸ்டி (மேலே சொன்ன மரத்தின் பெயர்) மாட்யூலில் உள்ள பார்ஸ் ஃபங்ஷன். இரண்டாவது, எந்த இம்போர்ட்டும் இல்லாமலே கிடைக்கிற கம்பைல் ஃபங்ஷன். மூன்றாவது, டெர்மினலில் பைத்தான் ஹைஃபன் எம் பை_கம்பைல் என்று அடித்து ஃபைல் பெயர் கொடுப்பது. மூன்றும் நிரலை ஓட்டாது. மூன்றாவது வழி மட்டும், பிழை இல்லை என்றால் பைகேஷ் ஃபோல்டரில் ஒரு பைட்கோட் ஃபைலை (பைத்தான் தனக்காக மாற்றிக்கொள்ளும் வடிவம்) எழுதி வைக்கும். அந்தக் குப்பை வேண்டாம் என்றால் முதல் இரண்டில் ஒன்றை எடுங்கள்.

அந்த இரண்டுக்கும் நடுவில் பலர் கவனிக்காத ஒரு வித்தியாசம் இருக்கிறது. எந்த ஃபங்ஷனுக்கும் உள்ளே இல்லாமல், வெறுமனே "ரிட்டர்ன் 42" என்று ஒரு வரி மட்டும் உள்ள ஃபைலை ஏஎஸ்டி பார்ஸிடம் கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொள்ளும். மரம் கட்ட அதற்கு ஒரு தடையும் இல்லை. அதையே கம்பைல் ஃபங்ஷனிடம் கொடுத்தால் ரிட்டர்ன் ஃபங்ஷனுக்கு வெளியே இருக்கிறது என்று சின்டாக்ஸ்எரர் எழுப்பும். லூப்புக்கு வெளியே பிரேக் போட்டாலும் இதே கதைதான். பைத்தானின் ஆவணமே இதை எச்சரிக்கிறது. உள்தள்ளலைத் தவறவிட்டு ரிட்டர்னை ஓரத்துக்குத் தள்ளிவிடுவது பிள்ளைகள் அடிக்கடி செய்வது என்பதால் வகுப்புக்கு கம்பைல் ஃபங்ஷனையே பரிந்துரைப்பேன். மரத்தை வைத்து மேற்கொண்டு ஏதாவது செய்ய வேண்டும் என்றால், உதாரணமாக எந்தெந்த மாட்யூலை இம்போர்ட் செய்திருக்கிறார்கள் என்று எடுக்க, ஏஎஸ்டி.

செய்முறை இதுதான். ஃபைலைப் பைட்டாக, அதாவது ஆர்பி மோடில் திறந்து படியுங்கள். படித்த பைட்டுகளை அப்படியே கம்பைலுக்கு முதல் ஆர்கியுமென்ட்டாகக் கொடுங்கள், இரண்டாவது ஃபைல் பெயர், மூன்றாவது "எக்ஸெக்" என்ற சொல், கூடவே டோன்ட்_இன்ஹெரிட் என்பதற்கு ட்ரூ. எக்ஸெக் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது பல வரிகள் கொண்ட முழு ஃபைல் என்று சொல்வதற்காக மட்டும்தான், எதையும் ஓட்டாது. பைட்டாகக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம், ஃபைலின் தலையில் என்கோடிங் குறிப்பு இருந்தால் அதைப் பைத்தானே படித்துப் புரிந்துகொள்ளும். நீங்கள் டெக்ஸ்ட்டாகத் திறந்தால் என்கோடிங்கை நீங்கள் ஊகிக்க வேண்டி வரும். டோன்ட்_இன்ஹெரிட் எதற்கென்றால், உங்கள் சோதனை ஸ்கிரிப்டில் மொழியின் விதியை மாற்றும் ஃபியூச்சர் இம்போர்ட் ஏதாவது இருந்தால் அதன் விளைவு பிள்ளையின் ஃபைலுக்குக் கடத்தப்படக் கூடாது.

இதைச் சுற்றி ஒரு ட்ரை போட்டு, சின்டாக்ஸ்எரரைப் பிடியுங்கள். அதன் லைன்நோ பண்பில் வரி எண் இருக்கும், ஆஃப்செட்டில் அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்பது 1-லிருந்து எண்ணி இருக்கும், எம்எஸ்ஜியில் செய்தி, டெக்ஸ்ட்டில் அந்த வரியே இருக்கும். இண்டென்டேஷன்எரரும் டேப்எரரும் சின்டாக்ஸ்எரரின் வாரிசுகள்தான், தனியாகப் பிடிக்கத் தேவையில்லை. வேல்யூஎரரையும் சேர்த்துப் பிடியுங்கள்: ஃபைலுக்குள் நல் பைட் (மதிப்பு 0 உள்ள பைட்) இருந்தால் 3.12-க்கு முந்தைய பைத்தான் அதைத்தான் எழுப்பும். மிக ஆழமாக ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய எக்ஸ்பிரஷன் வந்தால் ரிகர்ஷன்எரரோ மெமரிஎரரோ வரலாம், சில சமயம் இன்டர்பிரெட்டரே விழுந்துவிடலாம். அதனால் இந்தச் சோதனையை உங்கள் முக்கிய சர்வருக்குள்ளேயே வைக்காமல் தனி புராசஸாக ஓட்டுவது நல்லது.

பதிப்பும் முக்கியம். அதே கல் கணக்கு நிரலில், நான்காவது வரியில் பிரிண்ட் போட்டுவிட்டு மூடும் அடைப்புக்குறியை விட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். 2020-இல் வந்த 3.9-இல் பைத்தானின் பார்சரையே மாற்றினார்கள், அதைப் பயன்படுத்தி 2021-இல் வந்த 3.10-இல் பிழைச் செய்திகளை மெருகேற்றினார்கள். இப்போது நான்காவது வரியையே காட்டி, அங்கே திறந்த அடைப்புக்குறி கடைசி வரை மூடப்படவில்லை என்று சொல்லும். பழைய பதிப்பில் ஐந்தாவது வரியைக் காட்டி வெறும் "இன்வாலிட் சின்டாக்ஸ்" என்று மட்டும் வரும். பிள்ளை ஐந்தாவது வரியை எத்தனை தடவை பார்த்தாலும் அதில் ஒன்றும் இருக்காது. லேபில் 3.8 இருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள், பிள்ளைகளுக்கு இதைவிட உடனடியாகப் பலன் தரும் வேலை வேறு இல்லை.

இன்னொன்று, பைத்தான் முதல் பிழையோடு நின்றுவிடும். மூன்று பிழை இருந்தால் மூன்று முறை திருத்தி அனுப்ப வேண்டியதுதான். அது பரவாயில்லை. முதல் பிழைக்கு அப்புறம் வரும் பிழைகளில் பல, முதல் பிழையின் நிழலாகத்தான் இருக்கும்.

சி, சி++

ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களுக்கும் ஒரே ஆப்ஷன்: ஹைஃபன் எஃப்சின்டாக்ஸ் ஹைஃபன் ஒன்லி. ஆப்ஜெக்ட் ஃபைல் எதையும் எழுதாது. ஃபைலாக இல்லாமல் டெக்ஸ்ட்டாக வந்ததைச் சோதிக்க, ஹைஃபன் எக்ஸ் சி என்று மொழியைச் சொல்லிவிட்டு, ஃபைல் பெயருக்குப் பதிலாக ஒரு தனி ஹைஃபன் போட்டால் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து படித்துக்கொள்ளும்.

பெயர் சின்டாக்ஸ் மட்டும் என்று சொன்னாலும் இது டைப் சோதனையையும் சேர்த்தே செய்யும். சி மொழியில் அதைத் தவிர்ப்பதும் கடினம். ஏ, நட்சத்திரக் குறி, பி, அரைப்புள்ளி என்று ஒரு வரி இருக்கிறது. ஏ என்பது ஒரு மாறி என்றால் அது பெருக்கல். ஏ என்பது டைப்டெஃப் மூலம் வந்த ஒரு டைப் என்றால் அது பி என்ற பாயின்டரின் அறிவிப்பு. எது என்று தெரியாமல் மரமே கட்ட முடியாது, அந்த டைப்டெஃப் ஏதோ ஒரு ஹெடர் ஃபைலில் இருக்கும். ஆகவே சி-க்கு ஹெடர்கள் இல்லாமல் உண்மையான சின்டாக்ஸ் சோதனை இல்லை. சோதிக்கும் கணினியில் அவை இருக்க வேண்டும், ஹைஃபன் பெரிய ஐ போட்டு அவை இருக்கும் ஃபோல்டரையும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் பழைய டாஸ் காலத்துக் கம்பைலரான டர்போ சி வந்து நிற்கும். இன்னமும் பல பிள்ளைகள் கோனியோ ஹெடரை இன்க்ளூட் செய்து, கிளியர் ஸ்கிரீன் போட்டு, கடைசியில் கெட்ச் வைத்துத்தான் எழுதிக் கொண்டுவருகிறார்கள். லினக்ஸில் ஜிசிசி அந்த முதல் வரியிலேயே ஹெடர் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். அது மீள முடியாத பிழை என்பதால் கீழே இருக்கும் உண்மையான பிழை ஒன்றுகூட வெளியே வராது. இதற்குத் திட்டிப் பயனில்லை. ஒரு ஃபோல்டரில் கோனியோ என்ற பெயரில் ஒரு பொய் ஹெடர் வைத்து, அதில் கிளியர் ஸ்கிரீன், கெட்ச் இரண்டுக்கும் அறிவிப்பு மட்டும் எழுதி, அந்த ஃபோல்டரைப் பெரிய ஐ மூலம் காட்டுங்கள். லிங்க் செய்யப் போவதில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இருக்கத் தேவையில்லை. பிள்ளையின் உண்மையான பிழை வெளியே வரும், டர்போ சி-யை விடச் சொல்லும் பேச்சை நிதானமாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஜிசிசி பதிப்பும் பார்க்க வேண்டியதே. 2024-இல் வந்த ஜிசிசி 14-லிருந்து, அறிவிக்காத ஃபங்ஷனை சி-யில் அழைத்தால் அது எச்சரிக்கை இல்லை, நேரடியாகப் பிழை. லேபில் தேறிய ஃபைல் வீட்டு லேப்டாப்பில் தேறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், தொடக்க மதிப்பு கொடுக்காத மாறி மாதிரியான சில எச்சரிக்கைகள் ஆப்டிமைஸ் செய்யும் படியில்தான் பிறக்கும். அந்தப் படிக்கே போகாததால் இந்தச் சோதனையில் அவற்றை எதிர்பார்க்காதீர்கள்.

ஜாவா

ஜாவாவின் கம்பைலரான ஜாவாசியின் வழக்கமான ஆப்ஷன்களில் "பார்ஸ் மட்டும் செய்" என்று ஒன்று இல்லை. ஆனால் ஜாவா நிரல் எழுதுவதற்கான தொகுப்பான ஜேடிகேவுக்குள்ளேயே கம்பைலரை நிரலிலிருந்து அழைக்கும் வசதி, ஜாவாஎக்ஸ் டூல்ஸ் என்ற பேக்கேஜில், ஜாவா 6 முதல் இருக்கிறது. டூல்புரொவைடரிடம் சிஸ்டம் கம்பைலரைக் கேளுங்கள். கம்பைலர் இல்லாத ஜாவா நிறுவலாக இருந்தால் நல் கிடைக்கும், அதை முதலில் சோதியுங்கள். அதன் கெட்டாஸ்க் தருவதை ஜாவாசிடாஸ்க் டைப்புக்கு காஸ்ட் செய்து, வழக்கமான "கால்" என்ற மெத்தடுக்குப் பதிலாகப் "பார்ஸ்" என்ற மெத்தடை அழைத்தால் பார்சிங்கோடு நின்றுவிடும். டைப் சோதனையும் வேண்டும் என்றால் அனலைஸ். பிழைகளை டயக்னாஸ்டிக்கலெக்டர் ஒன்று சேர்த்து வைத்துக்கொண்டு, வரி எண், பத்தி எண் (அந்த வரியில் எத்தனையாவது இடம்), செய்தி மூன்றையும் தனித்தனியாகத் தரும், திரையில் வரும் டெக்ஸ்ட்டை வெட்டிப் பிரிக்கும் வேலை இல்லை. பார்சிங்கோடு நின்றால் இன்னொரு வசதியும் உண்டு: பப்ளிக் கிளாஸின் பெயரும் ஃபைல் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி இன்னும் சோதிக்கப்பட்டிருக்காது, ஆகவே வாட்ஸ்அப்பில் பெயரில்லாமல் வந்த டெக்ஸ்ட்டையும் மெமரியிலிருந்தே பார்க்கலாம்.

மற்ற மொழிகள், சுருக்கமாக

பாஷுக்கு ஹைஃபன் சின்ன என். பிஎச்பிக்கு ஹைஃபன் சின்ன எல். ரூபிக்கு ஹைஃபன் சின்ன சி, சரியாக இருந்தால் "சின்டாக்ஸ் ஓகே" என்று சொல்லும். நோடுக்கு இரண்டு ஹைஃபன் போட்டு செக். கோ மொழிக்கு கோஃபம்ட் ஹைஃபன் ஈ, எல்லாப் பிழைகளையும் காட்டும். ரஸ்டுக்கு கார்கோ செக், இது மெஷின் கோட் உண்டாக்குவதை மட்டும் தவிர்த்துவிட்டு டைப் சோதனை வரை முழுசாகப் போகும், அதனால் முதல் தடவை நேரம் எடுக்கும்.

எல்லாவற்றிலும் பொதுவான விதி ஒன்று: செய்தியை நம்பாமல், கருவி முடியும்போது திருப்பித் தரும் எண்ணான எக்ஸிட் கோடைப் பாருங்கள். 0 என்றால் தேறியது, வேறு எது வந்தாலும் தேறவில்லை. செய்தியின் வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், சில கருவிகள் பிழையை ஸ்டாண்டர்ட் எரரில் எழுதும், சில ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதும். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்.

பாஷ் ஃபைல் விண்டோஸ் நோட்பேடில் எழுதியதாக இருந்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருக்கும், பாஷ் அதை எழுத்தாகவே எடுத்துக்கொண்டு விசித்திரமான பிழைகளைச் சொல்லும். சோதிக்கும் முன்பு அது இருக்கிறதா என்று பார்த்து, "வரி முடிவு விண்டோஸ் வகையில் இருக்கிறது" என்று தனியாகவே சொல்லிவிடுங்கள்.

ஓட்டவில்லை என்று நினைத்தாலும் ஓடிவிடும் இடங்கள்

இதைக் கட்டாயம் படியுங்கள். பெர்லுக்கும் ஹைஃபன் சின்ன சி உண்டு, ஆனால் பிகின் பிளாக்குகளும் யூஸ் வரிகளும் அப்போதே ஓடும். அந்த மொழியில் பார்சிங்கின் போக்கையே அவை மாற்றக்கூடியவை என்பதால் அப்படி. யாரோ அனுப்பிய பெர்ல் ஃபைலை ஹைஃபன் சி போட்டுப் பார்ப்பது அதை ஓட்டுவதற்குச் சமம். பைத்தானில் சோதிக்கிறேன் என்று ஃபைலை இம்போர்ட் செய்வதும் அப்படித்தான், மேல்மட்டத்தில் உள்ள எல்லா வரிகளும் ஓடிவிடும்.

சி எதையும் ஓட்டாது. ஆனாலும் இன்க்ளூட் வரியில் சர்வரில் உள்ள எந்த ஃபைலின் பாதையையும் எழுதலாம். அது சி நிரல் இல்லையென்றால் ஜிசிசி பிழை சொல்லும், சொல்லும்போது அந்த ஃபைலின் வரிகளைப் பிழைச் செய்தியிலேயே எடுத்துக் காட்டும். நீங்கள் அந்தச் செய்தியைப் பத்திரமாகப் பிள்ளைக்குத் திருப்பி அனுப்புவீர்கள். வெளியாட்கள் அனுப்பும் ஃபைலைச் சோதிப்பதாக இருந்தால் கன்டெய்னருக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த சூழல்), வேறு எதுவும் படிக்க முடியாத பயனராக ஓட்டுங்கள். நேர வரம்பு வையுங்கள், ஒரு பயிற்சி ஃபைலுக்கு ஐந்து வினாடி தாராளம். மெமரி வரம்பும் வையுங்கள்.

கட்டளையை ஒரே சரமாக ஒட்டி ஷெல்லிடம் கொடுக்காதீர்கள். ஃபைல் பெயருக்குள் அரைப்புள்ளியும் அதற்குப் பின்னால் ஒரு கட்டளையும் இருந்தால் அதுவும் ஓடும். சப்புராசஸுக்குப் பட்டியலாகக் கொடுங்கள். ஃபைல் பெயரே ஹைஃபனில் ஆரம்பித்தால் கருவி அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே அனுப்பியவர் வைத்த பெயரையே பயன்படுத்தாமல் நீங்களே ஒரு தற்காலிகப் பெயர் வைத்துவிடுவது எல்லாவற்றையும்விட எளிது.

வாட்ஸ்அப்பில் வந்த நிரல், தமிழ் கலந்த நிரல்

நேர் மேற்கோள் குறி ஏதோ ஒரு ஆப் வழியாக வரும்போது வளைந்த மேற்கோளாக மாறிவிடும். சாதாரண இடைவெளி நோ-பிரேக் ஸ்பேஸாக மாறும். தமிழ் தட்டச்சுச் செயலி சிலது சொல்லின் முடிவில் ஜீரோ-வித் எழுத்து ஒன்றை விட்டுப்போகும். கடைசி இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, பிள்ளை மணிக்கணக்கில் அந்த வரியை முறைத்துக்கொண்டே இருக்கும். புதிய பைத்தான் இவற்றை யூனிகோட் எண்ணோடு சொல்கிறது, மற்ற மொழிகள் எல்லாம் அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. அதனால் பார்சரைக் கூப்பிடும் முன்பு இந்த எழுத்துகள் இருக்கிறதா என்று ஒரு தேடல் போட்டு, "3-ஆம் வரியில் வளைந்த மேற்கோள் இருக்கிறது, அழித்துவிட்டு விசைப்பலகையில் நேராக அடிக்கவும்" என்று தமிழிலேயே சொல்லுங்கள். தானாகத் திருத்திவிடாதீர்கள். சரத்துக்குள் அந்த வளைந்த மேற்கோள் வேண்டுமென்றே போட்டதாகவும் இருக்கலாம்.

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். "நீளம்", "அகலம்" என்று மாறி வைத்து எழுதினால் பார்சர் மறுப்பே சொல்லாது. கொம்பும் காலும் தனித்தனியாக அடித்த "கொ"வும் ஒரே குறியாக அடித்த "கொ"வும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு வேறு, ஆனால் பைத்தான் மாறிப் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால் இங்கே சிக்கல் இல்லை. சரங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ் எண் ௧ விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு: இன்ட் ஃபங்ஷனிடம் அதைச் சரமாகக் கொடுத்தால் 1 என்று மாற்றித் தரும், நிரலில் நேரடியாக எண்ணாக எழுதினால் பிழை.

இதைவிட முக்கியம் பத்தி எண். பிழை இருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு குறி போட்டுக் காட்ட நினைப்பீர்கள். "தமிழ்" என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறிகள், யூடிஎஃப்-8-இல் பதினைந்து பைட்டுகள். சின்டாக்ஸ்எரரின் ஆஃப்செட் குறிகளை எண்ணும். ஏஎஸ்டி மரத்தின் கோல்_ஆஃப்செட் பைட்டுகளை எண்ணும், அதுவும் 0-விலிருந்து. இரண்டையும் குழப்பினால், தமிழ்ச் சரம் உள்ள வரியில் குறி எங்கேயோ வலது ஓரத்தில் போய் நிற்கும். பைட் எண் கிடைத்தால் வரியை யூடிஎஃப்-8 பைட்டாக மாற்றி, அந்த எண் வரை வெட்டி, திரும்ப டெக்ஸ்ட்டாக்கி எண்ணுங்கள். எண்ணினாலும் தமிழ் எழுத்துகளின் அகலம் ஒரே மாதிரி இருக்காது, ஆகவே கீழே குறி போடுவதைவிட அந்த இடத்தின் பின்னணியை நிறம் மாற்றிக் காட்டுவதே மேல்.

பாதி நிரல் வந்தால்

சில சமயம் முழு ஃபைல் வராது, நடுவிலிருந்து நாலு வரி வரும். அல்லது அடிக்க அடிக்கவே எடிட்டரில் காட்ட வேண்டும். இதற்கு ட்ரீ-சிட்டர் நல்லது. ஆட்டம் எடிட்டருக்காக கிட்ஹப்பில் உருவானது, இன்று நியோவிம் உட்படப் பல எடிட்டர்கள் பயன்படுத்துகின்றன. பிழை வந்தாலும் நிற்காமல் மரத்தைக் கட்டிக்கொண்டே போகும், புரியாத இடத்தில் எரர் என்ற கணுவையும், விட்டுப்போன குறி இருக்க வேண்டிய இடத்தில் மிஸ்ஸிங் என்ற கணுவையும் வைக்கும். ஒரே ஓட்டத்தில் பல பிழைகள் கிடைக்கும், எந்த மொழிக்கும் அந்த மொழியின் கம்பைலர் உங்களிடம் இருக்கத் தேவையில்லை. ஆனால் அதன் இலக்கணத்தைத் தனியாக எழுதியிருக்கிறார்கள், கம்பைலரின் இலக்கணத்தோடு அச்சாகப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. வழிகாட்டுவதற்குப் பயன்படுத்துங்கள், மதிப்பெண் போடுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். இதிலும் பத்தி எண் பைட்டில்தான்.

கிட்டில் கமிட்டுக்கு முன்னால்

கிட்டில் மாற்றங்களைப் பதிவு (கமிட்) செய்யும் முன்பு தானாக ஓடும் ப்ரீ-கமிட் ஹுக்கில் இந்தச் சோதனையை வைக்கலாம். அப்போது டிஸ்கில் இருக்கும் ஃபைலைச் சோதிக்காமல், ஸ்டேஜ் செய்ததை, அதாவது கமிட்டுக்காக ஆட் செய்து வைத்ததைச் சோதியுங்கள். கிட் ஷோ என்று அடித்து, ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் ஸ்டேஜில் இருக்கும் வடிவம் வரும், அதைச் சோதனைக்கு ஸ்டாண்டர்ட் இன்புட்டாக அனுப்புங்கள். ஸ்டேஜ் செய்த பிறகு ஃபைலில் பிழையைத் திருத்திவிட்டுத் திரும்ப ஆட் செய்யாமல் விட்டால், டிஸ்கில் தேறும், கமிட்டில் பிழையோடு போகும்.

ஸ்கிரிப்ட் தயாரானதும் ஒரு ஃபோல்டரில் பிழையுள்ளதும் பிழையில்லாததுமான சின்னச் சின்ன ஃபைல்களைச் சேர்த்து வையுங்கள்: மூடாத அடைப்புக்குறி, ஃபங்ஷனுக்கு வெளியே ரிட்டர்ன், வளைந்த மேற்கோள், டேபும் ஸ்பேஸும் கலந்தது, கோனியோ ஹெடர், காலியான ஃபைல், தமிழ் மாறிப் பெயருள்ள சரியான ஃபைல். ஒவ்வொன்றுக்கும் எந்த வரியில் பிழை வர வேண்டும், அல்லது பிழையே வரக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டு, பைத்தானையோ ஜிசிசியையோ புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். பிள்ளைகளிடமிருந்து புது வகைப் பிழை ஒன்று வந்தால், பெயரை நீக்கிவிட்டு அதையும் அந்த ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்கள்.